இடது கைக்கு எட்டுக் கட்டம்

தீர்த்தகிரி முப்பத்தேழு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரு கொல்லைக்குள் கால் வைத்தால் புதைந்து கிடந்த எல்லைக்கல் தானாக எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று காரிமங்கலம் சந்தையில் பேசிக்கொள்வார்கள். மூன்று தலைமுறை மண்டையுடைத்துக்கொண்ட வரப்புச் சண்டையைக்கூட அவர் ஒரு சிவப்புப் பென்சில் கோட்டில் முடித்துவிடுவார். கோடு யார் பக்கம் சாய்ந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

ஓய்வு பெற்ற அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவை ஒரு சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பெட்டி சிவப்புப் பென்சில். மாலை உதிர்ந்துபோனது. கடிகாரம் ஒரே மாதத்தில் நின்றது. பென்சில் நிற்கவில்லை. ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு மாவுக்கு, எந்தத் தட்டு அவருடைய மாத்திரைக்கு என்று கோடு விழுந்தது. துணிக்கொடியில் அவருடைய வேட்டிக்கு ஆறடி, அவர் மனைவி கோகிலவாணியின் புடவைக்கு நாலரை அடி. முருங்கைமரத்தில் எந்தக் கிளைக் காய் சாம்பாருக்கு, எந்தக் கிளைக் காய் சொந்தக்காரர்களுக்கு என்று மரத்துக்கே தெரிந்திருந்தது.

கோகிலவாணி நாலரை அடிக்குள் புடவையை மடித்து மடித்துக் காயப்போட்டாள்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் கீபோர்டு வந்தது. பெங்களூரில் இருக்கும் பேத்தி வாசித்துச் சலித்துப்போனதை மகன் காரில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினான். அறுபத்தொரு கட்டை. தீர்த்தகிரி முதலில் அதை நாடாவால் அளந்தார். பிறகு அதைக் கற்றுக்கொண்டே தீர்வது என்று உரக்கடை மாடியில் வகுப்பு நடத்தும் நவநீதனிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே எந்தப் பாட்டை வாசித்தாலும் யூரியா வாசம்தான் அடிக்கும்.

அவருடைய வலது கை பரவாயில்லை. இடது கைதான் அண்ணன் பின்னாலேயே ஓடும் தம்பி மாதிரி, வலது கை செய்ததையே செய்தது. வலது மேலே போனால் இதுவும் மேலே போகும். வலது நின்றால் இதுவும் நின்று வாயைப் பார்க்கும். மூன்று மாதம் பார்த்த நவநீதனுக்கு முப்பத்திரண்டு வயதில் காது ஓரம் நரைத்துவிட்டது. ஒருநாள், தண்ணீர் பாட்டிலோடு துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியைப் பார்த்து அவன் சொன்னான்.

"அம்மா, சும்மா தானுங்களே உக்காந்திருக்கறீங்க. இந்தக் கீழ வரியை மட்டும் நீங்க தட்டுங்களேன். சார் வலது கை, நீங்க இடது கை. ரெண்டு பேரும் சேந்து ஒரே ஆளு."

விளையாட்டாகச் சொன்னதுதான். தீர்த்தகிரிக்குப் பிடித்துப்போயிற்று. பாடப் புத்தகத்தில் ஐந்து கோடு மேலே, ஐந்து கோடு கீழே, இரண்டையும் சேர்த்து ஒரு வளைவு. மேலே இருப்பது வலது கைக்கு, கீழே இருப்பது இடது கைக்கு. நடுவில் வெள்ளையாக ஒரு சந்து. இதைவிடத் தெளிவான எல்லை சர்வே ஆபீசிலேயே கிடையாது.

எட்டு மாதம் கோகிலவாணி கீழ்வரியை வாசித்தாள். டும், டும், டும். சில பாட்டில் டும்-தக்-தக். மெட்டு முழுக்க மேலே அவர் கையில் ஓடும். இவள் கீழே பந்தக்கால் மாதிரி நின்றுகொண்டிருப்பாள். "சார் என்னாமா வாசிக்கறாரு" என்பார்கள் வருகிறவர்கள். பந்தலைப் பார்த்தவர்கள் பந்தக்காலைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவளுக்குக் கீழ்வரி, ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோலப் பழகிவிட்டது. விரல் தேட வேண்டியதில்லை, கண் போன இடத்துக்குக் கை போனது.

அப்போதுதான் பதினாலாம் நம்பர் பாட்டு வந்தது.

முப்பத்திரண்டு தாளக் கட்டம் கொண்ட சின்னப் பாட்டு. பதினாறு கட்டம் வரைக்கும் வழக்கம்போல மெட்டு மேலே. பதினேழில் மெட்டு சட்டென்று கீழ்வரிக்கு இறங்கிவிட்டது. மேல்வரியில் டுக்கு டுக்கு என்று துண்டு துண்டாக நாலு சுரம். கீழ்வரிக்குப் பக்கத்தில், சந்தேகமே வரக் கூடாது என்று, இடது கை என்பதற்கான எழுத்தையும் அச்சில் போட்டிருந்தார்கள். இருபத்து நாலு வரைக்கும் அப்படி. இருபத்தைந்தில் மெட்டு மறுபடி மேலே ஏறிவிடும்.

"அம்மா, இந்த எட்டுக் கட்டம் உங்களுக்குத்தானுங்க மெட்டு" என்றான் நவநீதன்.

அவள் வாசித்தாள். முதல் தடவையிலேயே வந்தது. வாசித்து முடித்துவிட்டு, தன் இடது கையை வேறு யாருடைய கையோ போல மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வருடமாகப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளவும், முறத்தைத் தாங்கவும் மட்டுமே இருந்த கை. மெட்டு அதற்குள் எங்கே இருந்தது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தீர்த்தகிரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை மேசையில் விரித்தார். பென்சிலைச் சீவினார். பதினேழிலிருந்து இருபத்து நாலு வரை, கீழ்வரியின் ஒவ்வொரு சுரத்துக்கும் பகரம் போலச் சிவப்பு அடைப்பு போட்டு, உள்ளே 'வ' என்று எழுதினார். வலது கை. மேல்வரியில் இருந்த துண்டுச் சுரங்களுக்கு 'இ' என்று எழுதினார். இடது கை. எட்டுக் கட்டத்தையும் 17/1, 17/2 என்று உட்பிரிவு செய்து எண்ணும் போட்டாயிற்று.

"என்னாங்க இது?" என்றாள் கோகிலவாணி.

"உட்கார், வாணி. மெட்டு எங்கிருந்து வருது? மேலேருந்து. பதினாறாங் கட்டம் வரைக்கும் யாரோட அனுபவத்துல இருக்குது? என்னோட அனுபவத்துல. நடுவுல எட்டுக் கட்டம் கீழே எறங்குச்சுன்னா கை மாறிடுமா? ஓடை தெசை மாறி ஓடுச்சுன்னு கொல்லையைப் பக்கத்துக்காரனுக்கு எழுதிக் குடுத்துருவாங்களா?"

"அச்சுலயே இடது கைன்னு போட்டுருக்குதுங்களே."

"அச்சுல போட்டவன் எடத்தை வந்து பாத்தானா?"

பாட்டை எழுதியவர் எந்தத் தேசத்திலோ செத்து நூறு வருடம் ஆகியிருக்கும். பென்னாகரம் பஸ் பிடித்து வந்து சாட்சி சொல்லப் போகிறாரா?

"அப்ப எனக்குங்க?"

"மேல டுக்கு டுக்குன்னு இருக்குது பாரு, அது உனக்கு. உங்கையை எங்கை மேல தாண்டி வுட்டுத் தட்டு. ஒண்ணும் நஷ்டமில்லே. அந்த எட்டுக் கட்டம் ஒரு மாதிரி புறம்போக்குதான். யாரு பயிர் வெக்கறாங்களோ அவுங்களுது."

அந்தச் சிவப்புக் கோட்டைக் கோகிலவாணிக்குத் தெரியும். ஏரியூரில் அவள் அப்பா செத்த வருடம், கிணற்றை ஒட்டி அவள் பங்குக்கு நாற்பது சென்ட் வந்தது. அளந்தவர் தீர்த்தகிரிதான். படத்தில் சிவப்புக் கோடு போட்டு, இந்தப் பக்கம் பெரிய அண்ணன், அந்தப் பக்கம் சின்ன அண்ணன் என்று எழுதி முடித்துவிட்டு அவளிடம் பேனாவை நீட்டினார். "நமக்கு மாசச் சம்பளம் இருக்குது. அளக்க வந்தவன் பொண்டாட்டியே பங்கு கேட்டா நல்லாவா இருக்கும்?" மாப்பிள்ளை என்றால் இவரல்லவா மாப்பிள்ளை என்று ஏரியூரே கொண்டாடியது. முதல் வருடம் அண்ணன்மார் ஒரு மூட்டை வேர்க்கடலை அனுப்பினார்கள். அடுத்த வருடம் அரை மூட்டை. அதற்கடுத்த வருடம் ஃபோன் பண்ணி, கடலை நன்றாக விளைந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. நிலம்தானே என்று இருந்துவிட்டாள். எட்டுக் கட்டத்தை அப்படி விட முடியவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. நாற்பது சென்டில் அவள் ஒருநாளும் ஏர் பிடித்ததில்லை. இதில் அவள் கை ஒருமுறை நடந்துவிட்டது.

முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் முதல்முறையாக அவள் மூன்றாம் மனிதரிடம் மனு கொடுத்தாள். அடுத்த வகுப்பில் புத்தகத்தை நவநீதன் முன்னால் விரித்து வைத்து, "தம்பி, இது எந்தக் கைக்குங்க? நீயே சொல்லு" என்றாள்.

நவநீதன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, மறுபடி சார் பக்கமே திருப்பி வைத்தான். அவன் அப்பாவின் கொல்லையை அளந்தவரும் தீர்த்தகிரிதான். இன்னும் ஒரு உட்பிரிவு பாக்கி இருப்பதாக அவன் அப்பாவுக்குக் கனவில்கூடப் பயம்.

"சார், மேல இருக்கறதெல்லாம் வலது, கீழ இருக்கறதெல்லாம் இடதுன்னு கண்டிப்பு கெடையாதுங்க. சில எடத்துல கீழ இருக்கற சுரத்தை வலது கை எட்டிப் புடிக்கும். அதுக்குத்தான் அடைப்பு போட்டு, எழுத்து போட்டுக் காட்டறது. ஆனா இங்க எழுதுனவரே தெளிவா இடதுன்னு போட்டுட்டாருங்க."

"அப்ப கீழ இருக்கறதை வலது எட்டிப் புடிக்கலாமுன்னு நீயே ஒத்துக்கற."

"புடிக்கலாமுங்க... ரெண்டு கையும் ஒரே ஆளோடதா இருந்தா..."

"நாங்க ஒரே ஆளுதான்யா! நீதானே சொன்னே? கலியாணம் ஆகி முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. இன்னும் எத்தனை வருசம் ஆவணும் ஒரே ஆளாவறதுக்கு?"

வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை. "ஒரே ஆளுன்னா, எந்தக் கை வாசிச்சா என்னாங்க? எனக்கே குடுத்துருங்களேன்" என்றாள்.



நவநீதன்தான் வழி கண்டுபிடித்தான். "கேட்டுப் பாத்து முடிவு பண்ணலாமுங்க சார். அம்மா, இடது கை மட்டும் மொதல்லருந்து கடைசி வரைக்கும், அச்சுல இருக்கறபடி வாசிங்க. நான் பதிஞ்சுக்கறேன்." கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் வாசித்தாள். டும் டும் என்று பதினாறு கட்டம் தாண்டி, மெட்டுக்குள் இறங்கி, எட்டுக் கட்டம் நடந்து, மறுபடி டும் டும்முக்குத் திரும்பினாள். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார் என்று பிற்பாடு சொன்னார்கள். மெட்டு மொத்தமே இருபது விநாடிதான். ஆனாலும் நின்றது நின்றதுதான்.

தீர்த்தகிரி தாடையைத் தடவினார். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தன்மைக்குப் பார்வையாளர்கள் இருந்தால் அவர் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

"சரி வுடு. எட்டுக் கட்டமும் உன் பேருக்குப் பட்டா."

வீட்டுக்கு வந்து அவள் கண் முன்னாலேயே ரப்பரை எடுத்து அழித்தார். ஒவ்வொரு 'வ'வையும், ஒவ்வொரு அடைப்பையும். ரப்பர்த் தூளை ஊதித் தள்ளி, "பாத்துக்க" என்று பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். சிவப்பு போய்விட்டது. ஆனால் சர்வேயர் கை அழுத்தமான கை. தாளில் அடைப்பு அடைப்பாகப் பள்ளம் மட்டும் இருந்தது. பள்ளத்துக்கு ரப்பர் என்ன செய்யும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஓய்வு பெற்றோர் சங்க ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பதினாலாம் நம்பர் பாட்டை இருவரும் அங்கே வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்திய மூன்று வாரம் கோகிலவாணி அந்த எட்டுக் கட்டத்தைச் சமையல் மேடை மீது வாசித்தாள், பஸ்சில் முன் சீட்டின் கம்பி மீது வாசித்தாள், தருமபுரி பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு நாற்காலிக் கைப்பிடி மீதும் வாசித்தாள். விழா அன்று இடது கை வளையலைக் கழற்றி வைத்தாள். கல்யாணத்தன்று போட்டது. கழற்றச் சோப்பு போட வேண்டியிருந்தது.

மேடையில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் வலப் பக்கம், இவள் இடப் பக்கம். முன் வரிசையில் சங்கத் தலைவர் பச்சியப்பன், எண்பது வயது, காது மந்தம், ஆனால் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாட்டு ஆரம்பித்தது. டும், டும். அவர் மெட்டு நன்றாகத்தான் ஓடியது. பதின்மூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு.

பதினேழில் அவள் கை இறங்கி மெட்டைப் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுரம். மண்டபத்தில் யாரோ "அட" என்றார்கள்.

ஐந்தாவது சுரத்தில் அவருடைய வலது கை வந்தது. தூரத்திலிருந்து தாண்டி வந்து, அவள் விரல்கள் மேலேயே இறங்கியது. அவள் நகரவில்லை. ஒரே கட்டை மீது இரண்டு விரல். அவர் முகம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. மணிக்கட்டு மட்டும், வரப்பை விடியுமுன் ஒரு சாண் தள்ளிப்போடுகிறவன் மண்வெட்டி மாதிரி, அவள் கையை ஓரத்துக்குத் தள்ளியது. ஒருமுறை. இன்னொரு முறை.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மெட்டை அவர் வாசித்தார். மேலே டுக்கு டுக்கு இல்லை, கீழே டும் டும் இல்லை, மெட்டு மட்டும் தனியாக, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நடக்கிறவர் மாதிரி நடந்துபோனது. இருபத்து நாலு முடிந்தது. இருபத்தைந்தாம் கட்டம் வந்ததும், யாரும் சொல்லாமலே, அவள் கை மடியிலிருந்து எழுந்து போய் டும் என்றது. டும், டும். கடைசி வரைக்கும் ஒரு தப்பில்லை. அவர் செய்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். தன் கை தானாகவே வேலைக்குத் திரும்பிப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கைதட்டலில் மண்டபத்து ஓடு நாலு நழுவியது. பச்சியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"நடுவுல பாருங்க, அம்மாவுக்குக் கொஞ்சம் மறந்து போச்சு. மறக்கறது சகஜம். ஆனா சார் வுடலை பாருங்க! அவுங்க பங்கையும் சேத்து வாசிச்சு, தாங்கிப் புடிச்சுக் கொண்டாந்து கரை சேத்துட்டாரு. அதானய்யா குடும்பம்!"

தீர்த்தகிரிக்குப் பொன்னாடை. அம்மாவுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் கேட்டாள்.

"அழிச்சீங்களேங்க."

"அழிச்சேன். இல்லேன்னா சொல்றேன்? கைக்குப் பழகிப்போச்சு. அது போய்ட்டுது. பெரிசு பண்ணாதே, வாணி. நல்லாத்தானே வந்துச்சு?" பொன்னாடையைத் தடவிக்கொண்டார். "நீ பாதியில கையை எடுத்ததுதான் அசிங்கமாப் போச்சு. அந்த டுக்கு டுக்கையாச்சும் வாசிச்சிருக்கலாம்."

அவள் டிபன் பாக்சைத் திறந்து பார்த்தாள். இரண்டு தட்டு. நடுவில் ஒரு தடுப்பு. மூடிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பெஞ்சில் உட்காரவில்லை. சண்டை போடவில்லை, காரணம் சொல்லவில்லை. அவர் மேல்வரியை வாசிப்பார், கீழே ஒன்றும் கேட்காது. "வாணி" என்பார். "வர்றேனுங்க" என்பாள். வர மாட்டாள். ஒரு வாரம் பார்த்தார். அவள் இல்லாமல் அவருடைய மெட்டு, பந்தக்கால் பிடுங்கிய பந்தலாக, வீடு முழுக்கப் படுத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் "சார் என்னாமா வாசிக்கறாரு" என்பதை நிறுத்திவிட்டார்கள்.

மன்னிப்பு கேட்பது என்று ஒரு வழி இருந்தது. அது அவர் வரைந்த புலப்படம் எதிலும் இல்லை. அவர் நவநீதனுக்கு ஃபோன் பண்ணினார்.

"ஏம்ப்பா, இந்த மெசினு தானா இடது கையை வாசிக்குமாமே?"

"வாசிக்குமுங்க சார். பதிஞ்சு வெச்சா வாசிக்கும். புதுசாப் பதியக்கூட வேண்டாமுங்க. அம்மா அன்னைக்கு வாசிச்சது அப்படியே இருக்குது. கொண்டாந்து ஏத்திக் குடுத்துடறேன்."

நவநீதன் பென்டிரைவோடு வந்தான். ஏற்றினான். எந்தப் பொத்தானை அழுத்தினால் இடது கை ஆரம்பிக்கும் என்று காட்டினான். நிறுத்தும் பொத்தானைக் காட்ட மறந்துவிட்டான். நிஜமாகவே மறந்தானா என்பது அவனுக்கும் அவன் அப்பாவின் கொல்லைக்கும்தான் தெரியும். கோகிலவாணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கிப் போனான்.

மத்தியானம். கோகிலவாணி அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் தீர்த்தகிரி பெஞ்சின் நடுவில், இப்போது முழுப் பெஞ்சும் அவருக்கே, உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

டும், டும், டும்.

அவள் கை. அவளுக்குத் தெரியாதா? இரண்டாவது டும்மைக் கொஞ்சம் தாமதமாகத்தான் போடுவாள். அதுவும் அப்படியே இருந்தது. காபி கேட்காத, முகம் தூக்காத, மூலையில் தண்ணீர் பாட்டிலோடு உட்காராத கை. தீர்த்தகிரிக்கு உற்சாகம் பொங்கியது. "கேட்டியா, வாணி? நீ வராட்டியும் நீ வாசிக்கற!" என்று கூடத்திலிருந்து கூவிக்கொண்டே மெட்டை ஓட்டினார். பதின்மூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு.

பதினேழில் அந்தக் கை மெட்டுக்குள் இறங்கியது.

அவருடைய வலது கையும் வழக்கம்போல ஓடி வந்தது. மணிக்கட்டால் ஓரமாகத் தள்ளியது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்டைகள் சும்மா இருந்தன, மெட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. இவரும் வாசித்தால் அரைத் தாளம் முன்னே பின்னே இடித்துக்கொண்டு இரட்டையாக, நாராசமாக வந்தது. கையை எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினார், அவள் கை புல்லாங்குழலாக மாறி அதே மெட்டைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தது.

"வாணி! இதை எப்படி நிறுத்தறது? வாணி! இங்க வா செத்த நேரம்!"

"களி கிண்டறேனுங்க" என்றாள் அடுப்படியிலிருந்து. "ரெண்டு கையும் வேலையா இருக்குது."

இருபது, இருபத்தொன்று. தீர்த்தகிரி தன் வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, தாளில் இருந்த பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் களிக்கோலை நிறுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. எட்டுக் கட்டமும், ஒரு சுரம் குறையாமல், அவள் இல்லாத இடத்தில் அவளுடையதாக நடந்து முடிந்தது.

இருபத்தைந்தாவது கட்டம் வந்தது. யாரும் சொல்லாமலே அந்தக் கை டும்முக்குத் திரும்பிப் போயிற்று. டும், டும், டும். கூடத்தில் தீர்த்தகிரி பெருமூச்சு விட்டு, நிம்மதியாக, மெட்டை எடுத்துக்கொண்டார்.

கோகிலவாணி களிக்கோலைப் பிடித்து, பானை அதிர, ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.